மாமரத்து வளைவு

மலைமேல் இருக்கும் ஆலயத்துக்குச் சபையாரை ஏற்றிச்செல்லும் பேட்டரி காருக்குக் கருங்கல் ஊர் மெக்கானிக் புது மோட்டார் மாட்டிக் கொடுத்துவிட்டான்.

"ஏலே தேவகுமாரு, ஞாயித்துக்கிழமை தோறும் இதைத் தள்ளித் தள்ளி என் தோளு போச்சு. இன்னைக்கும் ஏறல்லன்னா வித்துப்போடுவேன். பொறவு நீ வேற வேலை பாத்துக்க," என்று ஓட்டுநரிடம் சொன்னபடி பின்சீட்டில் உட்கார்ந்தார் சபைச் செயலாளர் ஜெபசிங்.

"நீரு கொஞ்சம் சும்மா இரியும்! நீ விடு மக்கா," என்றாள் பக்கத்தில் இருந்த செல்லபாய்.

வண்டி எப்போதும் மூச்சுவாங்கி நின்றுபோகும் மாமரத்து வளைவில், இன்று தேவகுமாரே நிறுத்தினான். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு மிதித்தான். வண்டி ஜிவ்வென்று ஏறியது.

"எப்பிடி இருக்கு, மாமா?"

பதில் இல்லை. அசந்துபோய்விட்டார்கள் என்று சிரித்துக்கொண்டான்.

உச்சியில் காத்திருந்த போதகர் கேட்டார்: "ஆளுவ எங்க?"

திரும்பிப் பார்த்தால் வண்டி காலி. கீழே வளைவில், வண்டி நின்றதும் பழக்கத்தில் இறங்கிவிட்ட அத்தனை பேரும் தள்ளுவதற்கு நீட்டிய கையோடு நின்றிருந்தார்கள்.

"ஏலே, எங்களை ஆரு ஏத்துவா?" செல்லபாயின் சத்தம் மேலே வந்தது.

அவன் திரும்பப் போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டான். இந்தத் தடவை வளைவில் வண்டி நிற்கவேயில்லை. ஜெபசிங்கின் ஒரு கால் மட்டும் உச்சிவரை வெளியே தொங்கிக்கொண்டே வந்தது.