சவுரிமுத்துவின் பக்கெட்

“மொதல்ல அந்த பீடியக் காதுலேர்ந்து எடுப்பா.”

லோகநாதன் சொன்ன தொனியில், சவுரிமுத்துவின் காதில் இருந்தது பீடி இல்லை, நாட்டு வெடிகுண்டு.

“பத்த வெக்கலியே அண்ணா. சும்மா வாசனைக்கு வெச்சிகினு கீறேன்.”

“தெருவே பெட்ரோல் வாசனையில கெடக்குது. உனுக்கு பீடி வாசனை கேக்குதா?”

கேட்டதில் நியாயம் இருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவுக்குப் பின்னால், மண்ணுக்கடியில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் குழாய் போகிறது. அது எங்கோ விரிசல் விட்டு, கசிந்த பெட்ரோல் தெருவிலுள்ள கிணறுகளில் மிதந்தது. கம்பெனி ஆட்கள் வந்து கிணறுகளை இறைத்தார்கள். சாக்கடையில் மரத்தூளைக் கொட்டினார்கள். ஊறிப்போன மண்ணை வெட்டி லாரியில் ஏற்றினார்கள். கரண்ட்டை நிறுத்தியாயிற்று. வேலை முடியும்வரை தெருவில் ஒரு பொறி நெருப்பு கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியும் ஆயிற்று.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பன்னும், ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல் பொட்டலமும்தான் சாப்பாடு. காபி இல்லாமல் லோகநாதனுக்குத் தலைவலி வேறு.

தெருவில் பாதி வீடுகள் அவருடையவை. அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வாடகை விளைகிறது. தீப்பிடித்தால் முதலில் போவது அவர் சொத்து. அதனால் யாரும் கேட்காமலே காவல் வேலையை எடுத்துக்கொண்டார். வீடு வீடாகப் போய் சமையலறையை எட்டிப் பார்த்தார். தீப்பெட்டிகளையெல்லாம் பிடுங்கி வந்து தன் வீட்டுச் சாமி அலமாரியில் பத்திரப்படுத்தினார்.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. அவருடைய வாடகை வீடு ஒன்றில் குடியிருக்கும் கொத்தனார் சவுரிமுத்து, பீடி இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்கமாட்டார் என்று பெயர் வாங்கியவர்.

அதற்கேற்ற மாதிரி சவுரிமுத்துவும் வேலைக்குப் போகாமல் தெருவிலேயே கிடந்தார். அதிலும் லோகநாதன் வீட்டுப் பக்கத்துச் சந்தில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு பக்கெட்டும் கையுமாக.

“மறைவா குந்திகினு ஊதத்தான் அங்க வரான்,” என்றார் லோகநாதன் மனைவியிடம். “பக்கெட் சாம்பலத் தட்றதுக்கு.”

“பீடி சாம்பலுக்கு எதுக்குங்க அம்மாம் பெரிய பக்கெட்டு?” என்றாள் கங்கையம்மாள்.

 அந்தக் கேள்வியில் லோகநாதனுக்குக் கோபம்தான் ஏறியது.

மறுநாள் காலை குளித்து, தெருவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று சாமி கும்பிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்தார். சந்தில் அதே ஆள், அதே பக்கெட்.

“சொன்னா கேக்கமாட்டே. இந்த வேல முடிஞ்சதும் வூட்டக் காலி பண்ணிடு.”

சவுரிமுத்துவின் முகம் வாடிவிட்டது.

“அண்ணா, பேபிக்குப் பத்தாவது பரீட்ச வருது. இப்போ பொண்ணக் கூட்டிகினு எங்க போவேன்?”

“எல்லாரையும் கொளுத்தப் பாக்கறவனுக்கு அந்த யோசன முன்னாடியே வந்திருக்கணும்.”

சவுரிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

குற்றம் செய்தவன்தான் இப்படிக் குனிவான் என்று லோகநாதனுக்கு உறுதியாகிவிட்டது. நேரே எஸ்.டி.டி. பூத் பக்கத்தில் நின்றிருந்த கம்பெனி என்ஜினீயரிடம் போய், கையோடு அழைத்து வந்துவிட்டார்.

“இவன்தான் சார். பக்கெட்டப் பாருங்க, எல்லாம் தெரியும்.”

என்ஜினீயர் பார்த்தார். பக்கெட் நிறைய மணல். மேலே நனைத்த கோணிச் சாக்கு.

“இது எதுக்குப்பா?”

“சும்மாதான் சார்,” என்று தலையைச் சொறிந்தார் சவுரிமுத்து.

என்ஜினீயர் நிமிர்ந்தார். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தவருக்கு வேர்த்துவிட்டது.

“இது யார் வீடு?”

“நம்ம வீடுதான் சார்,” என்றார் லோகநாதன் பெருமையாக.

“உள்ள விளக்கு எரியுதே சார்.”

“அது நெருப்பு இல்ல சார். சாமி விளக்கு.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது லோகநாதனுக்கே உறைத்தது. உள்ளே, தெருவிலிருந்து பிடுங்கிய அத்தனை தீப்பெட்டிகளுக்கும் நடுவில், காமாட்சி விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. கம்பெனி வந்த நாளிலிருந்து அது ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

கங்கையம்மாள் ஓடிப்போய்ப் பூவால் விளக்கைக் குளிரவைத்தாள். என்ஜினீயர் தீப்பெட்டிகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு, லோகநாதனிடம் எதுவும் பேசாமல் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது லோகநாதனுக்கு.

சந்துக்குத் திரும்பி வந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. சவுரிமுத்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

“வூட்ட ஒண்ணும் காலி பண்ண வேணாம். பொண்ணு நல்லா படிக்கட்டும்,” என்றார் லோகநாதன், சுவரைப் பார்த்துக்கொண்டு. “தெரிஞ்சிகினே ஏன்பா ஒரு வார்த்த சொல்லல?”

“எங்க வூட்ல மாதாவுக்கு வெக்கற மெழுகுவத்திய எம் பொஞ்சாதி அம்மணி மொத நாளே அணைச்சிட்டா. அது எங்க சாமி, நாங்க சமாதானம் சொல்லிக்குவோம். உங்க சாமி வெளக்க அணைன்னு நா வந்து சொன்னா நல்லாவா அண்ணா இருக்கும்? அதான் மண்ண எடுத்தாந்து வெச்சிகினு இங்கயே குந்திட்டேன்.”