பத்துக் கட்டளைக்குப் பத்துத் துள்ளல்

சாப்பாட்டு மேசைக்கு மேலே யேசுநாதரின் படத்தைச் செலோரேப்பால் ஒட்டிவிட்டு, தர்சிகா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே பத்து வயது மகள் வினோஜா புதுக் கொப்பியோடு காத்திருந்தாள். 'பிள்ளையோடு சேர்ந்து திட்டமிடும் கிறிஸ்தவ வீட்டுக்கல்வி' என்று கைபேசியில் கிடைத்த கட்டுரையைத் தர்சிகா இரண்டு நாளாகக் கரைத்துக் குடித்திருந்தாள்.

பத்து வயதாகியும் வினோஜாவுக்கு ஒரு செபம்கூட ஒழுங்காக வராது. அடுத்த புதன்கிழமையோ யாழ்ப்பாணப் பட்டினத்துக் கல்லூரியில் ஆறாம் வகுப்புக்கு நேர்முகம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை பெற்றதே வீண் என்பது தர்சிகாவின் கட்சி. வினோஜாவுக்கு அங்கே பாண்ட் குழுவில் பெரிய மேளம் அடிக்க வேண்டும். அதற்காக எதையும் பாடமாக்க அவள் தயார்.

"எங்கையாவது ஒரு வகுப்புக்கு விட்டால் என்ன?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார் அப்பா ஜெயதீபன்.

"விட்டால் ஊர் கதைக்கும். வீட்டிலைதான் படிப்பு" என்று தர்சிகா வெட்டிவிட்டு மகளிடம் திரும்பினாள். "முதல் பிள்ளையின்ரை விருப்பத்தைக் கேக்கோணுமாம். சொல்லு செல்லம், உனக்கு எப்பிடிப் படிக்க விருப்பம்?"

"கயிறு துள்ளிக்கொண்டு."

தர்சிகாவுக்குக் கை துறுதுறுத்தது. பிள்ளை என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது என்று கட்டுரையில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததால் அடக்கிக்கொண்டாள். பத்துக் கட்டளைக்குப் பத்துத் துள்ளல் என்று கொப்பியில் பதிவானது. ஒவ்வொரு செபத்துக்கும் ஒரு ஐஸ்கிறீம் என்று வினோஜா தொடங்கி, இரண்டு செபத்துக்கு ஒன்று என்று இறங்கி வந்தாள்.

"அப்பாவுக்கும் படிப்பிக்கோணும். அவரைக் கேட்டால் முழிப்பார்" என்றாள் வினோஜா.

"எனக்கென்ன தெரியாதோ?" என்று ஜெயதீபன் வீராப்பாக எழும்பி நின்று சிலுவை அடையாளம் போட்டுக் காட்டினார். இடக்கையால் போட்டார். வினோஜா கோடு போடும் அடிமட்டத்தால் அந்தக் கையில் ஒன்று போட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் இரண்டு பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை, ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட பாடம். தட்டில் ஐந்து இடியப்பமும் கடதாசியில் வெட்டிய இரண்டு மீனும் தயாராக இருந்தன. அந்த நேரம் பார்த்து மீன்காரன் சிமியோன் வாசல் படலையடியில் ஹோர்ன் அடித்தான்.

"அக்கா, விளைமீன் துடிக்குது!"

"இண்டைக்கு வெள்ளியெல்லே! வேண்டாம், போ!" என்று கத்திவிட்டுத் தர்சிகா மறுபடியும் கடதாசி மீனைக் கையில் எடுத்தாள்.

"ஐயாயிரம் பேருக்கு இது காணுமெண்டால், எங்கள் மூண்டு பேருக்கும் எத்தினை வருசத்துக்குக் காணும் அம்மா?"

"அது கணக்குப் பாடம். வாயை மூடிக்கொண்டு அற்புதத்தைப் படி."

புதன்கிழமை மூவரும் கல்லூரி அதிபரான சிஸ்ரருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்ரர் நல்ல மனுசி, கேள்வி கேட்கும்போதும் சிரித்த முகம்.

"பத்துக் கட்டளையும் தெரியுமோ மகள்?"

"ஓம் சிஸ்ரர்" என்று வினோஜா எழும்பித் துள்ளத் தொடங்கினாள். மேசையில் பேனைகள் கிலுகிலுத்தன. ஏழு கட்டளை மூச்சு விடாமல் வந்தது. எட்டாவதில் கால் நின்றுவிட்டது.

"பொய்ச்சாட்சி..." என்று சிஸ்ரர் எடுத்துக் கொடுத்தார்.

"பொய்ச்சாட்சி சொல்லாதே" என்று தாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மிச்சம் இரண்டையும் வினோஜா ஒரே துள்ளலில் முடித்தாள்.

சிஸ்ரர் கைதட்டிவிட்டார். "இவ்வளவு சந்தோசமாச் சொன்ன பிள்ளையை நான் இண்டுவரைக்கும் காணேல்லை. ஞானஸ்நானப் பத்திரம் கொண்டுவந்தனீங்களோ?"

"அது... வீட்டிலை வைச்சிட்டு வந்திட்டம் சிஸ்ரர்" என்றார் ஜெயதீபன். சொன்ன கையோடு மேசையிலிருந்த சிஸ்ரரின் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"பரவாயில்லை, இனி அது தேவைப்படாது" என்று சிஸ்ரர் பெருமூச்சு விட்டார். "சொல்ல எனக்கே கவலையாக் கிடக்கு. உங்களுக்கு முதல் வந்த பிள்ளையோடை கிறிஸ்தவப் பிள்ளையளுக்கான இடமெல்லாம் முடிஞ்சுது. சைவப் பிள்ளையளுக்கு ஒதுக்கினதிலைதான் ரெண்டு இடம் மிச்சம் இருக்கு."

ஜெயதீபன் வெறும் கிளாசை வாயிலிருந்து எடுக்கவில்லை. பெரிய மேளம் கையை விட்டுப் போகிறது என்று வினோஜாவுக்கு விளங்கியதும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"காலமை என்ரை திருநீற்றை அழிக்காமலே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமெல்லே, அம்மா!"