விட்டு விட்டு அடித்த மணி

"அத்தான், மாதா கோயில் மணியெல்லோ கேக்குது?"

வலையை இழுத்துக்கொண்டிருந்த டெனிஸ்ரனின் கை நின்றது. படகில் கூட வந்திருந்த மைத்துனன் றொமேஷும் காது கொடுத்தான். ஊர்காவற்றுறைக் கரைப் பக்கமிருந்து ஒரு அடி கேட்டது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு அடி.

பூசைக்கு இப்படி அடிப்பதில்லை. யாராவது கண்ணை மூடினால்தான் இப்படி விட்டு விட்டு அடிப்பார்கள். அந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"பஸ்ரியாம்பிள்ளையப்புவா இருக்கும். கன நாளாப் படுக்கையிலதானே கிடக்கிறார்" என்றான் றொமேஷ்.

டெனிஸ்ரனுக்கு மகளின் நினைவுதான் வந்தது. அவன் மகள் அன்ரனிட்டாவுக்கு ஆறு வயது. இரத்தப் புற்றுநோய். இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியே கதி. வைத்தியம் முடிகிற நேரத்தில் காய்ச்சல் வந்து, போன கிழமை திரும்பவும் வார்டில் மறித்து வைத்துவிட்டார்கள். இன்றைக்கு டொக்டர் முடிவு சொல்லுகிற நாள். அதைக் கேட்க நெஞ்சில் பெலன் இல்லாமல், போனையும் வீட்டில் போட்டுவிட்டுக் கடலுக்கு ஓடிவந்த வீரன் அவன்.

"வலையை வெட்டு!"

"அத்தான், புது வலை..."

"வெட்டடா எண்டுறன்!"

படகு கரையை நோக்கிப் பாய்ந்தது. மணி ஓயவில்லை. 'மாதாவே, என்ர பிள்ளையா இருக்கக் கூடாது' என்று அவன் வாய் முணுமுணுத்தது. அப்படியென்றால் வேறு யாரோ சாக வேண்டுமென்றல்லவா கேட்கிறேன் என்று வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பவும் அதையே கேட்டான்.

படகு கரை தட்டியது. முதல் வீட்டு வாசலில் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள், பஸ்ரியாம்பிள்ளையப்புவை. உயிரோடு. கண் கலங்கியிருந்தது.

"ஓடு தம்பி, கோயிலடிக்கு ஓடு. சனமெல்லாம் அங்கதான் நிக்குது."

டெனிஸ்ரனுக்கு உயிர் பாதி போய்விட்டது. எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. கோயில் வாசலில் ஊரே திரண்டு நின்றது. சனத்தை விலக்கிக்கொண்டு மனைவி றஞ்சனி அழுதபடி வந்து அவன் சேட்டுக் கொலரைப் பிடித்தாள்.

"எங்க போய்த் துலைஞ்சனீங்கள்? எத்தினை தரம் போன் எடுத்தனான்!"

"பிள்ளை... பிள்ளை எங்க றஞ்சனி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணிக்கூண்டின் பக்கம் கையை நீட்டினாள். அங்கே, குச்சி குச்சியாக முடி முளைத்த தலையோடு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள் அன்ரனிட்டா.

"வருத்தம் மாறிட்டுதெண்டு டொக்டர் இண்டைக்கு வீட்ட விட்டிட்டார். வருத்தம் மாறின பிள்ளையள் ஆஸ்பத்திரியில மணி அடிச்சிட்டு வீட்ட போறதைப் போனில பாத்தவள், தானும் அடிக்கவேணுமெண்டு ஒரே அடம், பாதர்தான் கோயில் மணியை விட்டுக் குடுத்தவர்" என்றாள் றஞ்சனி. "கையில இன்னும் பெலன் காணாது, அதுதான் ஒவ்வொண்டா விழுகுது. ஆரையும் கயித்தைத் தொடவும் விடுறாளில்லை!"