கிடங்கில் மட்டும் அசைவு

"கிடங்குக் கேமராவை யாரு அணைச்சது?"

மேலாளர் சிகோத்தா போட்ட சத்தத்தில் கிட்வே நகரின் கடைத்தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"நான்தான் பாஸ்," என்றாள் நமுகோலோ. எங்கள் பேரங்காடியின் கேமராக்களைக் கவனிப்பவள்.

"கேட்டீங்களா மேடம்? வேலியே பயிரை மேயுது!"

தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த பெசா அம்மாள் வறுத்த கடலையைக் கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் திணறிச்சு பாஸ். அத்தனை கேமராவையும் ஒரே நேரத்துல பாருன்னா அதுவும்தான் என்ன பண்ணும்? எங்க அசைவு இருக்கோ அதை மட்டும் கவனின்னு மாத்தி வெச்சேன். பாதி சுமை இறங்கிடுச்சு."

"அப்ப கிடங்கு?"

"அங்கதான் ஓயாத அசைவு. மத்தியானம் ஆனா கம்ப்யூட்டர் நின்னே போகுது. அதான் அணைச்சிட்டேன்."

"அசைவாம்! மாவு மூட்டை எழுந்து நடக்குதா? திருடன் நடக்கறான்! நீ அவனுக்குக் கூட்டு! இன்னியோட உனக்கு வேலை இல்ல!"

நமுகோலோவின் முகம் வெளுத்தது. தங்கையை நர்ஸுக்குப் படிக்க வைப்பதே இந்தச் சம்பளம்தான்.

"அணைக்கிறதுக்கு முந்தி பதிவானது இருக்குமில்ல? போட்டுக் காட்டு," என்றார் பெசா அம்மாள்.

"பாஸ்... நீங்க மட்டும் தனியா பாருங்களேன்."

"எதுக்குத் தனியா? கல்லாவுல இருக்கற பொண்ணுங்களையும் கூப்பிடு! எல்லாரும் பார்க்கட்டும்!"

எல்லாரும் முண்டியடித்து வந்தோம்.

திரையில் சோள மாவு மூட்டைகள். அவற்றின் நடுவே சிகோத்தா! தரை துடைக்கும் கட்டையை இடுப்போடு அணைத்து, ஒரு குலுக்கு, ஒரு சுழற்சி, மறுபடி ஒரு குலுக்கு.

வரும் சனிக்கிழமை அவருடைய தங்கை கல்யாணத்தில், மணப்பெண்ணுக்கு முன்னால் மண்டபத்துக்குள் ஆடிக்கொண்டே நுழையும் வரிசையில் அவரும் உண்டு. மற்ற எல்லாரும் இளவட்டங்கள். அதற்குத்தான் இந்த ரகசிய ஒத்திகை!

அடுத்த சுழற்சியில் கால் பின்னி, மூட்டைமேல் தொப்பென்று விழுந்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, துடைக்கும் கட்டைக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அவ்வளவுதான். பெசா அம்மாளுக்குக் கடலை புரையேறியது. கல்லாப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வழியும் வியர்வையைத் துடைத்தபடி சிகோத்தா முனகினார்: "ஏம்மா... வேலையே போகுதுங்கறப்பவாவது எங்கிட்ட மெதுவா சொல்லியிருக்கலாமில்ல?"

நமுகோலோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"சனிக்கிழமை கல்யாணம். ஒருத்தி பார்த்துட்டான்னு தெரிஞ்சா, கூச்சப்பட்டு ஆடறதையே விட்டுடுவீங்களே, பாஸ்!"