கத்தரித்த கையெழுத்து

பழைய அமெரிக்கக் கடிதங்களைச் சேர்த்துவைக்கும் ஹார்லனின் சுவரில், ஒரு படைத்தளபதியின் கையெழுத்து கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. என்றைக்கோ யாரோ அதை மட்டும் கடிதத்திலிருந்து கத்தரித்து விற்றிருந்தார்கள்.

“எத்தனை பேரைத் தூக்கில் போடச் சொன்ன கையோ!” என்பார்கள் பார்க்க வருபவர்கள். கையெழுத்துக்குப் பகீரென்று இருக்கும். எதன் கீழே இருந்தோம் என்பது அதற்கே மறந்துபோயிருந்தது.

ஒருநாள் ஹார்லன் ஏலத்தில் எடுத்த காகிதக் கட்டைப் பிரித்து, அடியில் ஓட்டை விழுந்த கடிதம் ஒன்றை எதிர் மேசையில் வைத்தார்.

“அட, நீ இங்கேயா இருக்கிறாய்?” என்றது கடிதம். “உன்னை வெட்டிய இடத்தில் இன்னும் காற்று அடிக்கிறது, பார்.”

கையெழுத்து அவசரமாகக் கேட்டது: “மறைக்காமல் சொல். நாம் யாரைக் கொன்றோம்?”

“கொல்வதா? முகாமுக்குள் புகுந்த பன்றியைக் கட்டிப்போட்டு, வீரர்கள் அடுப்பும் மூட்டிவிட்டார்கள். அது ஓர் ஏழைக் குடியானவனுடையது, அவிழ்த்துவிடுங்கள் என்று எழுதினோம்.”

“விட்டார்களா?”

“படித்துவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் கீழே உன்னைப் பார்த்தார்கள். உடனே அவிழ்த்துவிட்டார்கள்.”

மறுநாள் வந்தவர் சட்டத்தருகே குனிந்து, “எத்தனை உயிரைக் குடித்ததோ!” என்று பெருமூச்சு விட்டார்.

கையெழுத்து அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. “அவிழ்த்துவிட்டதும் பன்றி எப்படி ஓடியது? இன்னொரு தடவை சொல்லேன்” என்றது கடிதத்திடம்.