முதுகில் ஒரு பரு

காட்டு ஓடையில் பிறந்த ட்ரவுட் மீன் செம்புள்ளிக்கு, முதுகில் வாலை ஒட்டி ஒரு குட்டித் துடுப்பு. பண்ணையில் வளர்த்து ஓடையில் விட்ட இன்னொரு ட்ரவுட் மினுக்கனுக்கு, அடையாளத்துக்காக அதை நறுக்கிவிட்டிருந்தார்கள்.

"என்னடி அது, பரு மாதிரி? என் முதுகைப் பார், எவ்வளவு வழவழப்பு!" என்று அவன் ஓயாமல் சீண்டுவான்.

ஒருநாள் செம்புள்ளி தூண்டிலில் மாட்டிக்கொண்டாள். 'தொலைந்தேன்' என்று துடித்தாள். தூண்டில்காரர் கையை நனைத்துக்கொண்டு, அவளைப் பதமாகத் திருப்பிப் பார்த்தார்.

"துடுப்பு முழுசா இருக்கே! காட்டுலயே பொறந்தவ. துடுப்பு நறுக்கின பண்ணை மீனைத்தான் கொண்டுபோகலாம். போ தாயி, போய் முட்டையிடு."

செம்புள்ளி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தாள். மினுக்கன் வாயைப் பிளந்தான்.

"எப்படிடி தப்பிச்சே?"

"பருவைப் பார்த்தார், விட்டுட்டார். அதோ, மறுபடியும் தூண்டில் இறங்குது. நீங்க எதைக் காட்டப்போறீங்க அண்ணே?"