அவள் மாற்றிய பாஸ்வேர்டு

காலையில் பால் காய்ச்சினான். மகளுக்குக் கோணல்மாணலாகத் தலை பின்னி, பள்ளியில் விட்டான். பிறகு மனைவியின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனான்.

"மனைவியோடது. பாஸ்வேர்டு தெரியல. திறக்கணும்."

கடைக்காரர் கண்ணடித்தார். "என்ன சார், சந்தேகமா? பேசாம அவங்களையே கேட்டுடுங்க."

அவன் லேப்டாப்பை மேசைமேல் வைத்தான். கம்பெனிகளின் கணினிகளுக்குக் காவல் போடுவதுதான் அவன் வேலை. வீட்டிலும் அதே கெடுபிடி. வைஃபைக்கு மாதம் ஒரு பாஸ்வேர்டு மாறும்.

வெகுநேரம் முட்டி மோதிவிட்டுக் கடைக்காரர் கையை விரித்தார். "யார் சார் இப்படிப் பூட்டினது? எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. எல்லாத்தையும் அழிச்சிட்டு வேணா புதுசா போட்டுத் தரேன்."

"அழிக்காதீங்க. அவ சொன்ன கதையெல்லாம் அவ குரல்லயே அதுக்குள்ள இருக்கு. கேட்காம பாப்பா தூங்க மாட்டேங்கறா. பூட்டு நான் போட்டதுதான். சாவிதான் அவகிட்ட."

"அப்ப ஒரு போன் போடுங்க சார், முடிஞ்சுது!"

"போன மாசம் விபத்துல போயிட்டா."

கடைக்காரர் லேப்டாப்பை மெல்ல மூடி, அவன் பக்கம் நகர்த்தினார்.

மகள் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தாள் என்று, விபத்துக்கு முந்தின நாள் அவளைத் திட்டியிருந்தான். புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்தியிருந்தான். மறுநாள் காலை, வண்டியைக் கிளப்பும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பாஸ்வேர்டை மாத்திட்டேன். இனிமே நீங்க தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன்!"